‘கைகால்கள் இயல்பு’ என்று எழுதினால் போதாதா?

ஜூன் 3

ஒரு நர்சிங் மாணவியின் கேள்வி:

“எலும்பு, தசை, மூட்டுப் பரிசோதனை என்று ஒரு பாடம் இருக்கிறது. வார்டில் அதைச் செய்கிற செவிலியர் யாரையும் நான் பார்த்ததில்லை. கேஸ் ஷீட்டில் ‘கைகால்கள் இயல்பு’ என்று ஒரே வரிதான் எழுதுகிறார்கள். எலும்பு மருத்துவர் இருக்கிறார், பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார், எக்ஸ்ரே இருக்கிறது. 206 எலும்புகளின் பெயரைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்வதைத் தவிர இந்தப் பாடத்தால் எங்களுக்கு என்ன பயன்? அனுபவமுள்ள சிஸ்டர்கள் சொல்லுங்கள்.”

ஜூன் 3, இரவு

அனுபவமுள்ள சிஸ்டர் என்ற முறையில் நான் பதில் சொல்கிறேன். மருத்துவர் ரவுண்ட்ஸ் வந்து போய்விடுவார். பிசியோதெரபிஸ்ட் பகலில் வருவார். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். அந்த எலும்பைச் சுற்றியுள்ள தசைக்கு ரத்தம் போகிறதா என்று காட்டாது. இரவு இரண்டு மணிக்கு மாவுக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஐந்து விரல்களைப் பார்க்க செவிலியரைத் தவிர வேறு ஆள் கிடையாது. அந்த விரல்களைப் பார்த்து என்ன சொல்ல வேண்டும் என்பதுதான் இந்தப் பாடம்.

‘கைகால்கள் இயல்பு’ என்ற வரியைப் படிக்கிறவருக்கு நீங்கள் எந்த மூட்டைத் தொட்டீர்கள், எதனோடு ஒப்பிட்டீர்கள், எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்று எதுவுமே தெரியாது. நாளை அந்தக் கால் மோசமானால், நேற்று எப்படி இருந்தது என்று சொல்ல ஒரு சான்றும் மிஞ்சாது. விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

ஜூன் 4

வரிசையிலிருந்து தொடங்குவோம். பார்ப்பது, தொடுவது, அசைப்பது. வயிற்றுப் பரிசோதனையில் தொடுவதற்கு முன்பே ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்கச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் குடல் ஓசை மாறிவிடக்கூடும். மூட்டுகளில் அந்தக் கவலை இல்லை. இங்கே அவசரம் வேறு. மூட்டைப் பார்த்த உடனே மடக்கிப் பார்க்கக் கை பரபரக்கும். அதை அடக்க வேண்டும். முறிந்த எலும்பை முதலில் அசைத்துவிட்டு அப்புறம் வீக்கத்தைப் பார்ப்பவர், பார்த்திருந்தால் அசைத்திருக்கவே மாட்டார்.

பார்ப்பது என்றால் என்ன? வீக்கம், சிவப்பு, கோணல், தசை மெலிவு, பழைய தழும்பு. இவற்றை எல்லாப் புத்தகமும் சொல்லும். எதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என்பதில்தான் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். வலது முழங்காலைப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு முழங்கால்களையும் திறந்து, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பாருங்கள். போர்வையை ஒரு பக்கம் மட்டும் விலக்கிப் பார்க்கிற பழக்கத்தால் கண்ணில் படாமல் போன வீக்கங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நல்ல முழங்காலில் முட்டிச் சில்லின் உட்புறம் ஒரு சிறு பள்ளம் இருக்கும். மூட்டுக்குள் நீர் கோத்திருந்தால் முதலில் நிரம்புவது அந்தப் பள்ளம்தான். தனியாகப் பார்த்தால் தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உடனே தெரியும்.

அந்தப் பள்ளத்தை மேல்நோக்கி உள்ளங்கையால் தடவி விட்டு, பிறகு முட்டிச் சில்லின் வெளிப்புறத்தை விரலால் மெல்ல அழுத்துங்கள். உட்புறத்தில் ஓர் அலை எழும்பி வந்தால் உள்ளே சிறிதளவு நீர் இருக்கிறது. ஒருவருக்கொருவர் செய்து பழகுங்கள். ஆரோக்கியமான முழங்காலில் ஒன்றும் எழும்பாது. எழும்பாத முழங்கால் கைக்கு எப்படித் தெரியும் என்று அறிந்தால்தான் எழும்புவது பிடிபடும்.

ஜூன் 5

தொடும்போது எப்போதும் நல்ல பக்கத்திலிருந்து தொடங்குங்கள், வலிக்கிற இடத்தைக் கடைசியாகத் தொடுங்கள். முதல் தொடுதலிலேயே வலித்துவிட்டால் நோயாளி உடல் முழுவதையும் இறுக்கிக்கொள்வார். அதற்குப் பிறகு எது வலியால் அசையவில்லை, எது பயத்தால் அசையவில்லை என்று பிரிக்க முடியாது.

தொடுவது விரல் நுனியால். வெப்பத்தைப் பார்ப்பது புறங்கையால்.

ஜூன் 5, மாலை

“மூட்டு அசைவில் தானாக அசைப்பது, நாம் அசைப்பது என்று இரண்டு எதற்கு? ஒன்று போதாதா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இந்தப் பாடத்திலேயே அதிகம் பயன் தருகிற கேள்வி இதுதான்.

நோயாளி கையைத் தலைக்கு மேல் தூக்க முயல்கிறார், பாதியில் நின்றுவிடுகிறது. இப்போது அவரைத் தளர்வாக இருக்கச் சொல்லி, நீங்கள் மெல்லத் தூக்குகிறீர்கள். முழுவதும் போகிறது. அப்படியென்றால் மூட்டு திறந்துதான் இருக்கிறது. அதை இழுக்கிற தசையோ, தசைநாணோ, அதற்குக் கட்டளை கொண்டு வருகிற நரம்போ பழுது. தோளில் தசைநாண் கிழிந்தவர்களிடம் இதைப் பார்க்கலாம். நீங்கள் தூக்கினாலும் அதே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றால் தடை மூட்டிலேயே இருக்கிறது. தோள் இறுகிப்போனவர்களிடம், குறிப்பாக நீரிழிவு உள்ளவர்களிடம், இதைக் காண்பீர்கள். கருவி ஏதும் தேவைப்படாத சோதனை. எந்த ஸ்கேனுக்கும் முன்பே பழுது இருக்கும் இடத்தைச் சுட்டிவிடுகிறது.

வரிசையை மாற்றாதீர்கள். முதலில் அவர் அசைக்கட்டும். எதுவரை வலியில்லாமல் போகிறார் என்று தெரிந்த பிறகே உங்கள் கை. முறிவு, மூட்டு விலகல், கழுத்துக் காயம் என்று சந்தேகம் இருக்கிற இடத்தில் நீங்கள் அசைக்கவே கூடாது. விபத்தில் வந்தவரின் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பது பரிசோதனையே ஆகாது, ஆபத்து.

ஜூன் 6

கோணங்களை மனப்பாடம் செய்ய வேண்டுமா என்றால், சிலவற்றைச் செய்யுங்கள். தோளை முன்பக்கமாகத் தூக்குவது 180 டிகிரி. இடுப்பு மூட்டு மடக்கம், முழங்கால் மடங்கியிருக்கும்போது சுமார் 120. முழங்கால் மடக்கம் 130 முதல் 140. கணுக்காலில் பாதத்தை மேல்நோக்கி வளைப்பது சுமார் 20, கீழ்நோக்கி 45 முதல் 50. முழங்கை மடக்கம் 150ஐ ஒட்டி. மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டர் இருந்தால் அளந்து எழுதுங்கள். இல்லையென்றால் மறுபக்கத்தோடு ஒப்பிட்டு எழுதுங்கள். எழுபது வயதுக்காரரிடம் புத்தகத்தின் 180ஐத் தேடுவதைவிட, அவருடைய இடது தோள் எதுவரை போகிறது என்று பார்த்துவிட்டு வலது தோளைச் சோதிப்பது பயனுள்ளது.

ஜூன் 7

நான் முதல் நாள் சொன்ன இரவு இரண்டு மணி வெறும் பேச்சுக்குச் சொன்னதில்லை. கீழ்க்கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டு வந்த ஓர் இளைஞர். ஊசி போட்டும் வலி அடங்கவில்லை என்கிறார். இன்னொரு ஊசி கேட்கிறார். பகல் டியூட்டி பார்த்தவர் ஹேண்ட்ஓவரில், “கொஞ்சம் சத்தம் போடுவார், வலி தாங்க மாட்டார்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

விரல்கள் இளஞ்சிவப்பாகத்தான் இருந்தன. நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்பியது. பாதத்தின் மேல் நாடி கிடைத்தது. இதுவரை பார்த்துவிட்டு ‘ரத்த ஓட்டம் நன்று’ என்று எழுதியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பெருவிரலைப் பிடித்து மெல்லக் கீழ்நோக்கி மடக்கினேன். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறினார். முறிவு இருப்பது கீழ்க்காலின் நடுவில். நான் அசைத்தது விரல். முறிந்த எலும்பு அசையவில்லை, தசை மட்டுமே நீண்டது. அதற்கு அவ்வளவு வலி என்றால் தசை உள்ளே மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது.

கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் இதுதான். கீழ்க்கால் தசைகள் நீளாத உறைகளுக்குள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. கீழ்க்காலில் அப்படி நான்கு அறைகள். உள்ளே ரத்தமும் வீக்கமும் சேர்ந்தால் உறை விரிந்துகொடுக்காது, அழுத்தம் ஏறும். சிறு ரத்தக்குழாய்கள் முதலில் நசுங்கும். பெரிய தமனியில் ஓட்டம் தொடர்வதால் நாடி கையில் தட்டிக்கொண்டே இருக்கும். ரத்தம் கிடைக்காத தசை சுமார் ஆறு மணி நேரத்தில் மீளாத சேதத்தை அடையத் தொடங்குகிறது. 1881இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் ரிச்சர்ட் வான் வோல்க்மன் எழுதிவைத்த சுருங்கி விறைத்த கை, இந்தத் தாமதத்தின் விளைவு.

மருத்துவரை எழுப்பினேன். கட்டைப் பிளந்தார்கள், அழுத்தம் பார்த்தார்கள், அன்றிரவே உறையைத் திறந்தார்கள். அவருக்குக் கால் இருக்கிறது, நடக்கிறார்.

ஜூன் 8

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், “வலி, வெளுப்பு, மரத்துப்போதல், செயலிழப்பு, நாடியின்மை, குளிர்ச்சி என்று ஆறு அறிகுறிகள் படித்தோமே, நாடி இருந்தால் பிரச்சினை இல்லை என்றுதானே பொருள்?” என்கிறார்.

ஆறும் ஒரே நேரத்தில் வருவதில்லை. முதலில் வருவது வலி: காயத்துக்குப் பொருந்தாத வலி, மருந்துக்கு அடங்காத வலி, விரலை நாம் அசைத்துத் தசையை நீட்டினால் கூடுகிற வலி. பிறகு கூச்சமும் மரமரப்பும். நாடி மறைவதும் விரல் அசையாமல் போவதும் கடைசிக் கட்டம். அதுவரை காத்திருந்தால் காப்பாற்ற அதிகம் மிஞ்சாது. ஆகவே ஆறையும் ஒரு வரிசையாக மனதில் வையுங்கள், முதல் அறிகுறியிலேயே குரல் கொடுங்கள்.

சிறு குழந்தைகள் இப்படி விவரித்துச் சொல்ல மாட்டார்கள். அமைதியின்மை, பயம், வலிமருந்தின் தேவை ஏறிக்கொண்டே போவது, இவைதான் அவர்களிடம் கிடைக்கும் சைகை. நரம்பை மரக்க வைக்கும் ஊசி போடப்பட்டவரிடம் வலியே தெரியாமல் போகலாம். அங்கே கூடுதல் கவனம்.

ஜூன் 8, சற்றுப் பிறகு

இன்னொன்று. மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணை வைத்து உயர்த்துங்கள் என்று படித்திருப்பீர்கள். வீக்கம் வடிய அது சரி. ஆனால் கம்பார்ட்மென்ட் சந்தேகம் வந்த நொடியில் தலையணையை எடுத்துவிட்டுக் காலை இதய மட்டத்தில் வையுங்கள். அதற்கு மேல் உயர்த்தினால் காலுக்குப் போகிற ரத்த அழுத்தம் மேலும் குறைந்துவிடும். ஐஸ் கட்டியும் வேண்டாம். இறுக்கமான கட்டுத்துணியைத் தளர்த்துவதற்கு உடனே உத்தரவு கேளுங்கள். டயஸ்டாலிக் அழுத்தத்துக்கும் (ரத்த அழுத்தத்தின் கீழ் எண்) தசை அறையின் அழுத்தத்துக்கும் இடையிலான வித்தியாசம் 30 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இறங்கினால் அறுவை மருத்துவர் உறையைத் திறப்பது பற்றி முடிவெடுப்பார். அதனால்தான் அந்த நேரத்தில் நீங்கள் எடுத்த ரத்த அழுத்தம் அவருக்குத் தேவை. தொலைபேசியில் அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

ஜூன் 10

தசை வலிமைக்கு வருகிறேன். பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1943இல் வகுத்த 0 முதல் 5 வரையிலான அளவைத்தான் இன்றும் உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். 0 என்றால் சுருக்கமே இல்லை. 1 என்றால் தசை துடிக்கிறது, மூட்டு அசையவில்லை. 2 என்றால் புவியீர்ப்பை நீக்கினால், அதாவது படுக்கையில் பக்கவாட்டில் வழுக்கினால் அசைகிறது. 3 என்றால் புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்குகிறார், உங்கள் கையை எதிர்க்க முடியவில்லை. 4 என்றால் ஓரளவு எதிர்க்கிறார். 5 முழு வலிமை.

3ஐ நெஞ்சில் பதித்துக்கொள்ளுங்கள். தானாகத் தூக்குகிறாரா, இல்லையா? அந்த ஒரு கேள்வியில் அளவுகோல் இரண்டாகப் பிரிந்துவிடும். பிறகு மேலேயோ கீழேயோ போகலாம். 4 என்பது மிக அகலமான கூடை. பரிசோதிப்பவரின் கைவலுவைப் பொறுத்தும் மாறும். அதனால் 4 என்று எழுதும்போது மறுபக்கம் எவ்வளவு என்றும் சேர்த்து எழுதுங்கள். காலையில் 4 இருந்தவர் மாலையில் 3 ஆனால் அது செய்தி. ‘பலவீனம் உள்ளது’ என்று இரு வேளையும் எழுதினால் அந்தச் சரிவு யாருக்கும் தெரியாது.

ஜூன் 11

“கூச்சம் இருக்கிறதா?” என்று பொதுவாகக் கேட்பதால் பயனில்லை. ஒவ்வொரு நரம்புக்கும் ஒரு தொடும் இடமும் ஓர் அசைவும் உண்டு.

கையில்: கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புறங்கைப் பக்கத்துத் தோல், ரேடியல் நரம்பு, மணிக்கட்டைப் பின்னோக்கி வளைக்கச் சொல்லுங்கள். ஆள்காட்டி விரல் நுனி, மீடியன் நரம்பு. கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொடச் சொல்லுங்கள். சுண்டுவிரல் நுனி, அல்நார் நரம்பு. விரல்களை விரிக்கச் சொல்லுங்கள். காலில்: பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவிலுள்ள தோல், பெரோனியல் நரம்பு, பாதத்தை மேல்நோக்கித் தூக்கச் சொல்லுங்கள். உள்ளங்கால், டிபியல் நரம்பு. பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்தச் சொல்லுங்கள்.

பெரோனியல் நரம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறத்தில் ஓர் எலும்பு முண்டு கைக்குத் தட்டும். அதன் கழுத்தைச் சுற்றி, தோலுக்கு மிக அருகில் அந்த நரம்பு ஓடுகிறது. மாவுக்கட்டின் விளிம்பு அங்கே அழுத்தினாலும், கால் வெளிப்புறம் சாய்ந்து கட்டிலின் ஓரத்தில் நெடுநேரம் கிடந்தாலும் நரம்பு நசுங்கும். பாதம் தொங்கிப்போகும். கட்டின் விளிம்புக்கு உங்கள் விரல் நுழைகிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. நசுங்கிய நரம்பு தேறுவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம், முழுவதும் தேறாமலும் போகலாம்.

ஜூன் 13

ஜூன் 4இல் எழுதிய வரிசை முதியவர்களிடம் எனக்கே திருப்தி தரவில்லை. அவர்களிடம் நான் முதலில் பார்ப்பது செயல்பாடு. நாற்காலியிலிருந்து எழும்போது கைகளை ஊன்றுகிறாரா? சட்டைப் பொத்தானைத் தானே போடுகிறாரா? திரும்பும்போது தடுமாறுகிறாரா? 1991 முதல் வழக்கத்தில் உள்ள சோதனை ஒன்று இருக்கிறது: நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து உண்டு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அருகிலேயே நில்லுங்கள். சோதனையின் நடுவில் விழ விடக்கூடாது.

விழுந்து கிடக்கும் முதியவர் என்றால் தூக்குவதற்கு முன் பாதங்களைப் பாருங்கள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்புறமாகச் சாய்ந்து கிடந்தால் தொடை எலும்பின் மேல்பகுதியில் முறிவு என்றே நினைத்துச் செயல்படுங்கள். உட்கார வைத்துப் பார்ப்போம், நடக்க வைத்துப் பார்ப்போம் என்று யார் சொன்னாலும் தடுங்கள்.

ஜூன் 14

குழந்தைக்கு முழங்கால் வலி, முழங்கால் பார்க்க நன்றாக இருக்கிறது என்றால் இடுப்பு மூட்டைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இடுப்பின் கோளாறு முழங்கால் வலியாக வெளிப்படுவது உண்டு. இரண்டுக்கும் பொதுவான நரம்புகள் இருக்கின்றன. வளரும் வயதுப் பிள்ளைகளில் தொடை எலும்பின் தலை வழுக்குகிற நோய் இப்படித்தான் முழங்கால் எக்ஸ்ரேயிலேயே சுற்றிக்கொண்டிருந்து தாமதமாகும்.

முதல் கேள்வியில் வந்த 206 பெரியவர்களின் கணக்கு. பிறக்கும்போது அதைவிட அதிகம். வளர வளர இணைகின்றன. எலும்பின் முனையில் வளர்ச்சித் தட்டு திறந்திருக்கிற வயதில் ‘சுளுக்குத்தான்’ என்று முடிவு கட்டாதீர்கள், அந்தத் தட்டிலேயே முறிவு இருக்கலாம்.

ஜூன் 16

விசாரிக்கும்போது கட்டாயம் கேட்க வேண்டிய ஒன்று: “காலையில் எழுந்ததும் மூட்டு விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கிறது?” அரை மணிக்குள் விட்டுவிட்டால் பெரும்பாலும் தேய்மானம். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் முடக்குவாதம் போன்ற அழற்சி நோயை நினைக்க வேண்டும். விரல்களையும் பாருங்கள். நுனிக் கணுவில் கெட்டியான முண்டு இருந்தால் தேய்மானத்தின் பக்கம். கை முஷ்டியின் கணுக்களில், இரு கையிலும் ஒரேபோல, மெத்தென்று வீக்கம் இருந்தால் முடக்குவாதத்தின் பக்கம்.

ஒரே ஒரு மூட்டு சூடாகி, வீங்கி, நாம் மெல்ல அசைத்தாலும் தாங்காமல், காய்ச்சலும் இருந்தால் விறைப்பைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்க நேரமில்லை. மூட்டுக்குள் சீழ் என்று சந்தேகித்து உடனே மருத்துவரை அழையுங்கள்.

முதுகுவலிக்காரரிடம் கேட்கத் தயங்குகிற கேள்விகளைக் கேளுங்கள்: சிறுநீர் போகாமல் அடைத்துக்கொள்கிறதா, உட்காரும் இடம் மரத்திருக்கிறதா. ஆமென்றால் அதுவும் அவசரம்.

ஜூன் 17

தொடை எலும்பு முறிந்தவர், ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் திடீரென்று குழம்பிப் பேசுகிறார், மூச்சு வாங்குகிறது, மார்பிலும் அக்குளிலும் ஊசிமுனைச் சிவப்புப் புள்ளிகள் தெரிகின்றன என்றால் கொழுப்பு அடைப்பை, அதாவது எலும்பிலிருந்து கொழுப்புத் துளிகள் ரத்தத்தில் கலந்து சிறு ரத்தக்குழாய்களை அடைப்பதை, நினையுங்கள். புள்ளிகள் எல்லோருக்கும் வருவதில்லை. குழப்பத்தை ‘தூக்கமில்லை, அதனால்தான்’ என்று ஒதுக்காமல் ஆக்சிஜன் அளவைப் பாருங்கள்.

ஜூன் 19

சரி, எப்படி எழுதுவது என்று பலரும் கேட்கிறீர்கள். நான் மாணவர்களிடம் எதிர்பார்ப்பது இந்த அளவு:

“02.10 மணி. வலது கீழ்க்கால் மாவுக்கட்டு. விரல்கள் இளஞ்சிவப்பு, இடது பாதத்தைப் போன்றே வெப்பம், நிறம் திரும்புவது 2 நொடிக்குள். பாத நாடி இருபுறமும் சமம். முதல் விரலிடை உணர்ச்சி குறைவு, இடதுபுறம் இயல்பு. பெருவிரல் மேல்நோக்கு வலிமை 4, இடது 5. ஓய்வில் வலி 10க்கு 8, விரலைக் கீழ்நோக்கி மடக்கினால் 10. வலிமருந்து 01.15க்குக் கொடுக்கப்பட்டது, பயனில்லை. 02.15க்கு மருத்துவருக்குத் தெரிவிக்கப்பட்டது.”

எழுத இரண்டு நிமிடம் ஆகும். இதைப் படிக்கிற மருத்துவர் படுக்கையிலிருந்து எழுந்து வருவார். ‘நோயாளி வலி என்கிறார்’ என்று படித்தால் இன்னொரு ஊசிக்கு உத்தரவு சொல்லிவிட்டுத் தூங்கிவிடுவார்.

ஜூன் 20

முதல் கேள்வியைக் கேட்ட மாணவியே மறுபடி கேட்டிருக்கிறார்: “எல்லாவற்றையும் மறுபக்கத்தோடு ஒப்பிடச் சொல்கிறீர்கள் சிஸ்டர். இரண்டு காலிலும் கட்டு என்றால்?”

அருமையான கேள்வி. அப்போது ஒப்பிடுவது முந்தைய மணி நேரத்தோடு. அதற்கு முந்தைய மணி நேரம் எழுதப்பட்டிருக்க வேண்டும். கட்டுப் போடுவதற்கு முன்பே நாடி, உணர்ச்சி, விரல் அசைவு மூன்றையும் இரு கால்களிலும் பார்த்து எழுதிவிடுங்கள். போட்டு முடித்த உடனே மறுபடியும். பிறகு உங்கள் வார்டின் விதிப்படி. முதல் நாளில் மணிக்கொரு முறை என்பது பரவலான வழக்கம். டியூட்டி மாறும்போது போகிறவரும் வருகிறவரும் சேர்ந்தே விரல்களைத் தொட்டுப் பாருங்கள், பிறகு இருவரும் கையெழுத்திடுங்கள். ஒருவர் ‘உணர்ச்சி லேசாகக் குறைவு’ என்று எழுதியதை மற்றவர் தன் கையால் தொட்டு அறிந்திருந்தால், அடுத்த மணி நேரத்தில் அது கூடியதா குறைந்ததா என்று அவரால் சொல்ல முடியும்.